சனிக்கிழமை கிழக்கே சூலம்

எங்கள் வீட்டுச் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில், தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த மூன்று தாள்கள் இருக்கின்றன. சனி, ஞாயிறு, திங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நீல மையில் ஒரு விமானம் கிளம்பும் நேரம், இறங்கும் ஊர், அந்த ஊரில் எவ்வளவு நேரம் "நிற்கும்" என்ற குறிப்பு. நானும் மகளும் கனடாவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. என் கணவர் இரண்டு முறை இவற்றைக் குப்பையில் போடப் பார்த்தார். இரண்டு முறையும் நான் எடுத்து வைத்துவிட்டேன். எதற்கு என்று கேட்டால், எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

எதற்கும் இருக்கட்டும் என்பது அந்தத் தாள்களை எழுதியவர் வாயில் நாளுக்கு நாற்பது முறை வரும் சொல். அவர் எனக்குச் சொந்தமில்லை. என் மாமியார் அவரை அண்ணே என்பார். அந்தக் கணக்கில் நான் பெரியப்பா என்று கூப்பிட்டேன். ஊர் அவரை டைம் கீப்பர் என்றது. முப்பத்தொரு வருடம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்த வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பரோட்டாக் கடை மாடியில் ஓர் அறையைப் பிடித்து, விமான டிக்கெட் போட்டுத் தர உட்கார்ந்துவிட்டார்.

அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர், பள்ளிக்கூடத்தில் தொங்குவது போன்ற ஓர் உலக வரைபடம், ஓர் அடி ஸ்கேல், தினசரி நாள்காட்டி, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் பத்து நிமிடம் கூடுதலாக ஓடும். அதைப் பார்த்து மணி வைத்துக்கொண்ட அவருடைய கைக்கடிகாரம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பத்து நிமிடம் கூடுதலாக ஓடும். சட்டைப் பையில் பழைய விசில். கம்ப்யூட்டரை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவர் மகள். அவள் கல்யாணமாகி மெல்போர்ன் போய்விட்டாள். அவர் அதில் வலதுகை ஆள்காட்டி விரலை மட்டும் பயன்படுத்துவார். மற்ற ஒன்பது விரல்களும் அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

விமானங்களை அவர் வண்டி என்றுதான் சொல்வார். "துபாய் வண்டி ஒண்ணு பத்துக்கு. விட்டா சாயங்காலம் ஒரு வண்டி இருக்கு, ஆனா அதுல கூட்டமா இருக்கும்." பரமக்குடியில் பத்து நிமிடம் நிற்கும் என்று சொன்ன அதே குரலில் துபாயில் பத்தொன்பது மணி நேரம் நிற்கும் என்பார். பயணிகளும் அதே முகத்தோடு தலையாட்டுவார்கள். தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் அவரிடம் ஆட்கள் வந்தார்கள். மற்றக் கடைகளில் டிக்கெட் மட்டும்தான் கிடைத்தது. இவரிடம் நல்ல நேரமும் சேர்ந்து கிடைத்தது.

சூலம் என்றால் இன்ன கிழமையில் இன்ன திசையில் பயணம் போகக் கூடாது என்ற கணக்கு. எங்கள் பக்கத்தில் எல்லா நாள்காட்டியிலும் ராகுகாலத்துக்குக் கீழே அச்சடித்திருக்கும். அவசரமாகப் போக வேண்டியவர்களுக்குப் பரிகாரமும் பக்கத்திலேயே இருக்கும். கிழக்கே சூலமென்றால் தயிர், மேற்கே என்றால் வெல்லம், வடக்கே பால், தெற்கே தைலம். ஒரு வாய் வெல்லத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சூலத்தை விமானத்துக்குப் பொருத்தியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ஸ்கேலை வரைபடத்தில் வைப்பார். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் கோட்டால் இணைப்பார். கோடு சூலத்தின் திசையில் விழுந்தால் நடுவில் ஓர் ஊரைத் தேடுவார்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கத் திங்கட்கிழமை போக வேண்டியிருந்தது. திங்கட்கிழமை கிழக்கே சூலம். மதுரையிலிருந்து நேராக நான்கு மணி நேரத்தில் போய் இறங்க வேண்டியவரை டைம் கீப்பர் முதலில் பெங்களூருக்கு அனுப்பினார். அங்கே ஒரு ராத்திரி உட்கார வைத்தார். செவ்வாய்க்கிழமை வெயில் ஏறின பிறகு சிங்கப்பூருக்கு ஏற்றினார். திரும்பி வந்தவரிடம் பயணம் எப்படி என்று விசாரித்தார்கள். "சிங்கப்பூர் பரவால்ல. ஆனா பெங்களூரு ஏர்போர்ட்டு மாதிரி வராது, அம்புட்டையும் உக்காந்து பாத்துட்டேன்" என்றார் அவர். இதை டைம் கீப்பர் தனக்குக் கிடைத்த நற்சான்றாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கச்சிமடத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போக வந்த ஒரு கிறிஸ்தவ மீனவர், "அண்ணே, நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு இந்தச் சூலம் கீலம் எல்லாம் கெடையாது" என்றார்.

"ஏலே, சூலம் திசைக்குடா. சாமிக்கு இல்ல. நீ கடலுக்குப் போறப்ப காத்தைப் பாக்குறியா இல்லையா? காத்து வேதக்காரன் வலைன்னு பாத்து வீசுதா?"

மீனவர் யோசித்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனார்.

நான் அவரை நினைத்து இப்போது சிரிக்கிறேன். அப்போது சிரிக்கவில்லை. அப்போது எனக்கு அவர் ஒருவரைத்தான் புரிந்தது. நான் பி.எட். படித்தவள். அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள். மகள் பிறந்த பிறகு அது கூடிப்போயிற்று. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன், அதில் அவள் விழித்துக்கொள்வாள், பிறகு தூக்கம் கெட்டுவிட்டதே என்று கவலைப்படுவேன். வீட்டில் எல்லோரும் "ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அவர் மட்டும்தான் "ஆகும் தாயி, ஆகத்தான் செய்யும். அதுக்கு என்ன பண்ணலாம்னு பாப்போம்" என்றார். பயந்தவளுக்கு இதைவிட ஆறுதலான பேச்சு கிடையாது.

என் கணவர் கனடா போகும்போது மகளுக்கு ஐந்து மாதம். எங்கள் இருவருக்கும் காகிதங்கள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. அப்பா என்றால் போன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யார் போன் மணியடித்தாலும் அதற்கு முத்தம் கொடுத்தாள். காகிதத்தில் ஒரு தேதி இருந்தது. அதற்குள் நாங்கள் கனடாவில் இறங்கிவிட வேண்டும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து, இன்னும் எத்தனை வருடமோ. காகிதம் வந்தது ஆடி பிறந்து நாலாம் நாள். ஆடியில் வீட்டுப் பெண் வாசல் தாண்டக் கூடாது என்றார் என் மாமியார். நான் சரி என்றேன். ஆடி முழுவதும் ஏன் சரி என்றேன் என்று யோசித்தேன். ஆவணி பிறந்தபோது எங்கள் கையில் இருந்தது பத்து நாள்.

மாமியாரோடு பரோட்டாக் கடை மாடி ஏறினேன். டைம் கீப்பர் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"கடைசித் தேதி புதன்கெழமை. திங்கக்கெழமை அங்கன எறக்கிவிட்டுருவோம். எதுக்கும் ரெண்டு நாள் கையில இருக்கட்டும்."

பிறகு ஸ்கேலை எடுத்தார். நாள்காட்டித் தாளைக் கிழித்தார். சனிக்கிழமை மதுரையிலிருந்து துபாய், மேற்கு, தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அதனால் துபாயிலிருந்து இஸ்தான்புல். ஸ்கேலின்படி இஸ்தான்புல் வடமேற்கில் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வரைபடத்தைச் சற்றே சாய்த்தார். "கொஞ்சம் சாஞ்ச வடக்கு" என்றார். திங்கட்கிழமை மறுபடி மேற்கு திறந்துவிடும், இஸ்தான்புல்லிலிருந்து டொராண்டோ. துபாயில் பத்தொன்பது மணி நேரம் நிற்கும். இஸ்தான்புல்லில் இருபத்து மூன்று.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பெரியப்பா, அங்க எல்லாம் நேரம் வேற. ராகுகாலம் அந்த ஊரு நேரத்துக்கா, நம்ம ஊரு நேரத்துக்கா?"

அவர் முகம் மலர்ந்தது. எத்தனையோ வருடமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம ஊரு நேரந்தான். பொறந்த ஊருதான் கணக்கு. வண்டி வானத்துல இருக்கறப்ப கெழமை மாறுச்சுன்னா அதைக் கண்டுக்கிறக் கூடாது. கால் தரையில பட்டாத்தான் சூலம்."

"வெல்லம் சாப்பிட்டுட்டு ஞாயித்துக்கிழமையே நேரா போயிட்டா?"

"பரிகாரம் பஸ்ஸுக்குத்தான் செல்லும் தாயி. ப்ளைட்டுக்கு எம்புட்டு வெல்லம் திங்கிறது?"

அன்றைக்கு என் கணவர் போனில் வேறொரு டிக்கெட்டைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் ஒரே இடத்தில் இறங்கி ஏறி, இருபத்திரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். மறுநாள் மாமியார் போனை டைம் கீப்பரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"மாமா, இது டிக்கெட்டா, யாத்திரையா? கைக்கொழந்தையோட மூணு நாளா?"

"மாப்ளே, கைக்கொழந்தையோடதான் சொல்றேன். நீ போறப்ப உனக்கு நாள் பாத்தது யாரு? ஒழுங்கா போய்ச் சேந்தியா இல்லையா?"

"சேந்தேன். பெட்டி நாலு நாள் கழிச்சு வந்துச்சு."

"பெட்டிக்கு நாள் பாக்கச் சொல்லி நீ எங்கிட்டக் கேக்கலையே."

என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ படிச்சவதான?" என்று மட்டும் கேட்டார். படித்தவள்தான். அதனால்தான் விமானம் இறங்கும்போது குழந்தைக்குக் காது வலிப்பது பற்றி ஒரே வாரத்தில் நாற்பது கட்டுரை படித்திருந்தேன். இடையில் நெடுநேரம் தங்கினால் குழந்தை ஓய்வெடுக்குமே என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டு டிக்கெட்டில் எதைத் தேர்ந்தாலும் ஏதாவது நடந்தால் என்னால்தான் என்று ஆகும். சூலம் பார்த்துப் போனால், நடப்பது சூலத்தால் என்று ஆகும். மூன்று நாள் டிக்கெட்டை எடுத்தேன்.

அதன் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை எனக்குச் சந்திராஷ்டமம் என்று அவர் கண்டுபிடித்தார். சந்திரன் எட்டாமிடத்தில், புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அவர் பதறவில்லை.

"அதுக்குத்தான் பரஸ்தானம் இருக்கே. வியாழக்கெழமையே உன்னையக் கெளப்பி விட்டுர்றேன்."

பரஸ்தானம் என்பது, நாள் சரியில்லாதபோது, போகிறவருடைய பொருள் ஒன்றை முன்னதாகவே ஒரு நல்ல நேரத்தில் போகும் திசையிலுள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அந்தக் கணத்தில் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகப் போய்ப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். பொதுவாக ஒரு துண்டோ சேலையோ வைப்பார்கள். டைம் கீப்பர் அதை ஏற்க மாட்டார். "துணி போகவா விசா குடுத்திருக்கான்? பாஸ்போர்ட்டை வையி. எது இல்லாம போக முடியாதோ அதுதான் கெளம்பணும்." எங்கள் வீட்டுக்கு நேர் மேற்கே அவர் கடை. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பை, எல்லாம் ஒரே ஜவுளிக்கடைப் பை. அவரவர் பாஸ்போர்ட் அவரவர் பையில், தங்கள் உடையவர்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு என்னுடையதையும் மகளுடையதையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் கடைசிக்கு முந்தின கொக்கியில் மாட்டினார். கடைசிக் கொக்கியில் ஏற்கெனவே ஒரு பை இருந்தது. மற்றவற்றைவிட வெளுத்த மஞ்சள்.

"இது எத்தனை நாளைக்குச் செல்லும் பெரியப்பா?"

"மூணு நாள். அதுக்கு மேல வச்சா திரும்ப வீட்டுக்குக் கொண்டு போயிட்டு, வேற நாள் பாத்து வைக்கணும்."

"அது யாரோடது?"

"அது ஒரு ஆளோடது. நாள் அமைய மாட்டேங்குது." நாள்காட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் நான் வீட்டில் இல்லாதவள். என் மாமியார் அதை முழு மனதோடு நம்பினார். வெள்ளிக்கிழமை நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வந்து, "நீதான் கெளம்பிட்டியே, உனக்கு என்ன சோலி இங்கன? தள்ளு" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். நான் பெட்டியைத் திறந்து திறந்து சரிபார்த்தேன். காய்ச்சல் மருந்து, அதற்கு மருத்துவர் சீட்டு, சீட்டின் மூன்று நகல், டயப்பர், மாற்று உடை, மாற்று உடைக்கு மாற்று உடை. பாஸ்போர்ட் எங்கே என்று கை தேடும்போதெல்லாம் அது கிளம்பிவிட்டது என்று நினைவு வரும். என் வாழ்க்கையில் நான் சரிபார்க்காமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதற்கு முன் மதுரை விமான நிலையத்தின் வாசலை மிதித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஒன்று பத்து விமானத்துக்கு விடியற்காலை ஆறு மணிக்கே காரில் கிளம்பினோம். நான், மகள், மாமியார், வாடகைக் கார் ஓட்டுநர். கடை வாசலில் டைம் கீப்பர் குளித்து விபூதி வைத்து நின்றார். வெள்ளிக்கிழமை கடையைக் கழுவிவிட்டதாகவும், பைகளை எல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி மாட்டியதாகவும் பெருமையாகச் சொன்னார். விடியல் மங்கலில் மஞ்சள் பையை வலது கையால் நீட்டினார்.

"ஏர்போர்ட்டு வாசல் வரைக்கும் பிரிக்காத. நடுவழியில பிரிச்சா பயணம் கலைஞ்சிரும்."

"ஒரு தடவ பாத்துர்றேனே பெரியப்பா."

"என் மேல நம்பிக்கை இல்லையா தாயி?"

நான் பிரிக்கவில்லை. அவர் விசிலை எடுத்து ஊதினார். கார் கிளம்பியது.

எட்டு ஐம்பதுக்கு விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கேட்டார். பையைப் பிரித்தேன். உள்ளே ஒரே ஒரு பாஸ்போர்ட் இருந்தது. திறந்தால், மீசை கறுத்த, தலை நிறைய முடியுள்ள ஓர் ஆள் என்னைப் பார்த்தார். இதே மனிதரைப் பத்து வருடம் கழித்து எங்கோ பார்க்கப் போகிறோம் என்பது போல ஒரு முகம். பெயரைப் படித்த பிறகுதான் தெரிந்தது. பக்கங்களைப் புரட்டினேன். ஒன்றிலும் ஒரு முத்திரை இல்லை. காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதோடு, மெல்போர்னிலிருந்து வந்த ஓர் அழைப்புக் கடிதம், மடித்த இடத்தில் கிழிய ஆரம்பித்திருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மகள் காவலரின் வாக்கி டாக்கி கரகரத்ததும் அதற்கு ஒரு முத்தம் கொடுக்கப் போனாள். நான் டைம் கீப்பருக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, பை மாறிப் போச்சு."

"மாறாதே. எல்லாத்துலயும் நான் கவனமா இருப்பேனே. உள்ள என்ன பேரு போட்டிருக்கு?"

"உங்க பேரு."

போனில் பஸ் ஸ்டாண்டு மட்டும் கேட்டது. சாயல்குடி, சாயல்குடி என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கௌன்ட்டரை எப்ப மூடுவான்?" என்றார் கடைசியில்.

"பன்னண்டு பத்துக்கு."

"இப்ப ஒம்பது அஞ்சு. ராகுகாலம் பொறந்துருச்சு. பத்தரைக்கு மேல எடுத்தா ஒரு மணிக்குத்தான் வர முடியும்." இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் வண்டிகளுக்குக் கணக்குப் போட்ட மனிதர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழமைக்கு வேற டிக்கெட்டு போட்டா புதன்கெழமைக்குள்ள..." என்று தொடங்கினார். அது முடியாது என்று அவருக்கே தெரியும். திங்கட்கிழமை எனக்கு இன்னும் சந்திராஷ்டமம் தீராது, செவ்வாய் வடக்கே சூலம், மதுரையிலிருந்து பார்த்தால் டொராண்டோ அவர் ஸ்கேலில் வடக்கே சாய்ந்துதான் இருந்தது. அவருடைய விதிகளின்படி நான் ஒருபோதும் கனடா போக முடியாது.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று நினைவில்லை. அழுகைதான் வந்தது.

"வாரேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை அந்த பஸ்ஸின் கண்டக்டர் ராமநாதபுரம் முழுக்கச் சொல்லி, அது என் மாமியார் வழியாக எனக்கு வந்தது. ஒன்பது இருபதுக்கு, ராகுகாலத்துக்குள்ளேயே, மஞ்சள் பையோடு டைம் கீப்பர் மதுரை வண்டியில் ஏறியிருக்கிறார். டீ குடிக்கப் போன ஓட்டுநரை விசில் ஊதித் திரும்ப வரவழைத்திருக்கிறார். பரமக்குடியில் பத்து நிமிடம் நிற்க வேண்டிய வண்டியை இரண்டாவது நிமிடமே விசில் ஊதிக் கிளப்பிவிட்டார். வடை வாங்க இறங்கியவர் வடையோடு ஓடி வந்து ஏறினார். "நிக்கிற எடத்துல நிக்க விடுய்யா" என்று அவர் கத்தினதற்கு, "நின்னது போதும்" என்று டைம் கீப்பர் பதில் சொன்னாராம். வாழ்நாளெல்லாம் வண்டிகளை நிறுத்தி வைத்த மனிதர் சொன்னதாகக் கண்டக்டர் இதை மிகவும் ரசித்துச் சொல்வார் என்று கேள்வி.

நாங்கள் விமான நிலைய வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி நேரம். நினைத்துப் பார்த்தால், ஒன்று பத்து விமானத்துக்கு எட்டு ஐம்பதுக்கே வந்து நிற்கும் பைத்தியக்காரத்தனத்தைச் செய்ய வைத்ததும் அவர்தான். அவர் செய்த தப்பை அவர் கொடுத்த நேரமே தாங்கிக்கொண்டிருந்தது. இதற்காக அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஓர் ஆட்டோ வந்தது. அவர் இறங்கினார். விபூதி வியர்வையில் ஓடி மூக்குக்கு வந்திருந்தது. பையை நீட்டினார்.

"பிரிச்சுப் பாத்துக்க. நல்லாப் பாத்துக்க. ரெண்டும் இருக்கான்னு பாரு."

பார்த்தேன். இரண்டும் இருந்தன. அவருடைய பையை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"உள்ள பாத்தியா?"

"பேரை மட்டும்தான் பெரியப்பா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிர்ந்துகொண்டிருந்த பலகையைப் பார்த்தார். "இதுல எல்லா வண்டியும் போடுவானா?"

"போடுவாங்க."

"கெளம்புறப்ப கூப்புடுவானா, நம்மளே பாத்துக்கணுமா?"

"கூப்பிடுவாங்க பெரியப்பா." எத்தனையோ பேரை அனுப்பியவர் என்னிடம் இதைக் கேட்டார்.

மாமியார், "அண்ணே, கார் இங்கனதான் நிக்கிது. இவ உள்ள போனதும் என்கூடவே வந்துருங்க" என்றார்.

"நீ போத்தா. சனிக்கெழமை கெழக்கே சூலம். நான் இன்னிக்கு ஊருக்குத் திரும்ப முடியாது."

ராகுகாலத்தில் ஏறி வந்த மனிதர் இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்கு வருத்தமும் வந்தது. கைப்பையில் மகளுக்காக வைத்திருந்த தயிர் சாத டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"தயிர்தான் பெரியப்பா பரிகாரம். பஸ்ஸுக்குச் செல்லும்னு நீங்கதான சொன்னீங்க."

"பாப்பாவுக்கு?"

"இன்னொரு டப்பா இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு."

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார். மகளின் தலையில் கைவைத்தார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்த விசிலைப் பிடுங்கி ஊதப் பார்த்தாள். எச்சில்தான் வந்தது. கௌன்ட்டர் மூட இன்னும் சில நிமிடங்களே இருந்தன. நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கண்ணாடிக்கு வெளியே அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. பக்கத்தில் திறக்காத டப்பா. பெயர் கூப்பிடப்படுவதற்காகக் காத்திருப்பவர் போல முதுகை நேராக வைத்திருந்தார்.

துபாயில் பத்தொன்பது மணி நேரம் நின்றது. அவர் எழுதியிருந்தபடியே. மகள் மூன்று நாற்காலியில் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொரு மணிக்கும் பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் போன் செய்தார்.

"பாப்பா சாப்புட்டாளா?"

"சாப்பிட்டா அத்தை."

"அண்ணே இன்னும் ஊரு வந்து சேரல. அங்கன மதுரையில லாட்ஜ்ல இருக்காராம். ஞாயித்துக்கெழமைதான் கெழக்கே ஒண்ணும் தடையில்லையே, வந்திருக்கலாம்ல? கேட்டா, திங்கக்கெழமை அங்கன ஏதோ ஆபீசு தொறக்கணுமாம், பாஸ்போர்ட்டு சம்பந்தமா. யாருக்குன்னு கேட்டேன். ஒரு ஆளுக்குன்னு சொல்றாரு. அடுத்தவங்க சோலிக்கு இப்பிடி அலையிறாரே மனுசன்."

சரி அத்தை என்றேன். போனை வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்தேன். பின்பக்கத்தை அல்ல, முன்பக்கத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை. சூலம் கிழக்கு. பரிகாரம் தயிர்.

நான் கொடுத்த தயிர் சாதம் அதுவரை தாங்காதே என்று கவலையாக இருந்தது.